கடல் கடந்த தண்ணீர்ப் பந்தல்



திருவிழாக் காணக் கடல் கடந்து செல்லும் அன்பர்கள் இக்காலத்தில் பெருகியுள்ளனர். மீண்டு வந்தோர் திருவுருவின் உயரத்தையும் கூட்டத்தின் அளவையும் விரித்துரைப்பர். வழியில் எவர் கையால் நீர் பருகினீர் என்று நாம் வினவினாலோ விடை கூற அறியார். இன்று அதனையே சிந்திப்போம்.

மொரீசியஸ் தீவை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நம்மவர் கைவினைஞராய்ச் சென்று கால்கொண்ட நாடு அது. தைப்பூசமும் மகா சிவராத்திரியும் அங்கே அரசு விடுமுறை நாட்கள்.

தலைநகராகிய போர்ட் லூயிஸ் நகரச் சந்தையில் அலூடா என்றொரு பானம் விற்கின்றனர். பாலிற் சர்க்கரையும் மணமும் கூட்டி, இறுகக் காய்ச்சிய கடற்பாசியைத் துருவியிட்டு, ஊறிய சப்ஜா விதையைக் கலந்து குளிரக் குளிரத் தருவர். அவ்விதை நமக்குப் புதிதன்று. திருநீற்றுப்பச்சை என்று நாம் வழங்கும் செடியின் விதைதானே அது! பெயரிலேயே நீறு மணக்கும் அச்செடி கடல் கடந்தும் தாகம் தணிக்கிறது. விரத நாள் ஒழிந்த நாளில் உவந்து பருகுக. நாவுக்கு நல்லது கிடைத்தால் அதுவும் அவன் தந்ததே.

அது காசுக்குக் கிடைப்பது. காசின்றிக் கிடைப்பது வேறொன்று உண்டு.

மலைமேல் ஓர் எரிமலை வாயில் நிறைந்த ஏரி கங்கா தலாவ். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடியார் கண்டு போற்றத் தொடங்கிய அவ்வேரியில் 1972-ஆம் ஆண்டு கங்கை நீரும் சேர்க்கப்பெற்றது. சிவராத்திரியை ஒட்டி இலட்சக்கணக்கானோர் வெள்ளாடை உடுத்து அங்கு நடக்கின்றனர். நம் காவடியை ஒத்த கன்வரைத் தோளிற் சுமப்போர் பலர். நமக்குப் பனி விலகும் அக்காலம் அவர்க்குக் கோடை. ஆதலின் வழிநெடுகப் பந்தலிட்டு நீரும் பழச்சாறும் தேநீரும் வழங்குகின்றனர். வழங்குவோருள் இந்து சமயத்தார் அல்லாதாரும் உளர். நடந்து களைத்தவர் கை நீட்டுகிறார், குவளை வருகிறது, யார், எவர் என்ற வினா எழுவதில்லை.

நம் ஊர்களில் எழுந்ததன்றோ? கொடுப்பவர் குலம் வினவி நீரை மறுத்த வழக்கமும், தாகித்தவரைக் கிணற்றடியில் விலக்கி நிறுத்திய வழக்கமும் இருந்தன. அவை அடியோடு அற்றன என்று கூற இன்றும் நமக்கு நாவெழவில்லை.

பெரியபுராணம் அறிந்த நமக்கு இது தகுமா? திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அவர் அந்தணர். பந்தலுக்கு இட்டதோ, தாம் கண்ணாலும் கண்டிராத வேளாளராகிய திருநாவுக்கரசரின் திருப்பெயர். தம் பெயரை எழுதவில்லை. (இன்று பந்தலினும் பெரிதாகப் பெயர்ப்பலகை எழுதுவோர் இதைக் கேட்க வேண்டும்.) அவ்வழி வந்த அரசரே அதுகண்டு வியந்து, இப்பெயர் இட்டவர் யாவர் என்று உசாவி அவர் மனை புகுந்தார், அங்கே அமுது செய்யவும் இசைந்தார்.

ஆகவே, அத்தீவுக்குச் செல்லும் அன்பர் அக்குவளையை மறுத்து நகராதிருப்பாராக; காசு நீட்டிக் கொடுப்பவர் மனத்தை வருத்தாதிருப்பாராக. இரு கையாலும் ஏற்றுப் பருகி, உடன் நடப்பாராக. ஏரியில் முகந்த நீரைச் சுமந்து அவ்வடியார் தத்தம் ஊர்க் கோயிலுக்குத் திரும்புவர். சிவராத்திரி நான்கு யாமமும் இலிங்கத் திருமேனியில் ஆடுவது அந்நீரே. எவர் தோளிற் சுமந்த நீர் என்று அங்கும் எவரும் வினவுவதில்லை.