கையேந்துதலும் கைகோத்தலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சர்வதேச வறுமை ஒழிப்புத் தருமஸ்தாபனம் ஒன்றுடன் நம் சங்கம் சேர்ந்து பணியாற்றலாமா, சேர்வதாயின் எவ்வாறு சேர்வது என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். இதன் பொருட்டுச் சங்கத்துக்குள் இரு கட்சிகள் இருப்பதாகவும் என் காதில் போட்டு வைத்தார். தம்பிமார் நாளைக்கே சேரவேண்டும் என்கிறார்களாம்; பெரியவர்கள், வேண்டாத வினையை விலை கொடுத்து வாங்குவானேன் என்கிறார்களாம். இரு திறத்தாரையும் ஒருங்கே திருப்திப்படுத்தும் சாமர்த்தியம் எனக்கில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன், முடிவு உங்களுடையது.

இத்தகைய ஸ்தாபனங்கள் என்றால், பணக்கார தேசத்தார் தம் இலையில் மிஞ்சியதை ஏழைக்கு இடுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவற்றின் பிறப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. முதலாம் உலக யுத்தம் ஓய்ந்த பின்னும் பிரித்தானியா முதலிய நேச தேசங்கள் ஜெர்மனி, ஆஸ்திரியா மீது வைத்த முற்றுகையை உடனே நீக்கவில்லை. அங்கே பிள்ளைகள் பசியால் மெலிந்தார்கள். எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி, அப்பிள்ளைகளின் படம் பொறித்த துண்டுப் பிரசுரங்களை 1919-ம் ஆண்டில் லண்டன் மாநகரின் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். எதிரி நாட்டுப் பிள்ளைக்கா பரிந்து பேசுகிறாய் என்று கேட்ட காலம் அது. அநுமதியின்றி வழங்கினார் என்று கைதானார்; நீதிமன்றம் 5 பவுண் அபராதம் விதித்தது. வழக்கை நடத்திய அரசாங்க வழக்கறிஞரே அந்த 5 பவுணைத் தம் கையிலிருந்து கொடுத்தார் என்பர். 'சேவ் த சில்ட்ரன்' என்னும் ஸ்தாபனம் அந்த ஆண்டில்தான் பிறந்தது.

1942-ல் ஜெர்மனியர் பிடியில் இருந்த கிரேக்க நாட்டில் பஞ்சம். அங்கே உணவு போகாமல் தடுத்ததிலும் நேச தேசங்களின் முற்றுகைக்குப் பங்குண்டு. ஒக்ஸ்போர்ட் நகரத்தார் சிலர் கூடி, வழி விடுங்கள், உணவை நாங்கள் அனுப்புகிறோம் என்று தம் அரசாங்கத்தையே கேட்டார்கள். அந்தக் குழுவே இன்றைய ஒக்ஸ்பாம். 1951 பெப்ரவரியில், கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, விக்டர் கொலன்ஸ் என்ற புத்தக வெளியீட்டாளர் மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். யுத்தத்தை நிறுத்தி, ஆயுதத்துக்குச் செலவிடுவதை வறுமைக்கு எதிராகச் செலவிட வேண்டும்; சம்மதிப்பவர்கள் ஒரு தபாலட்டையில் 'ஆம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்றார். ஆயிரக்கணக்கில் தபாலட்டைகள் வந்து குவிந்தன. அதிலிருந்து எழுந்தது 'வோர் ஒன் வோண்ட்', அதாவது வறுமையின் மீது போர். பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரான ஹரல்ட் வில்சன் அந்தப் பெயரை இட்டார்.

இந்த மூன்று கதையிலும் அரிசி மூட்டையைக் காட்டிலும் கேள்விதான் முந்தி வந்தது என்பதைக் கவனியுங்கள். தன் சொந்த அரசாங்கத்தை நோக்கி, தன் சொந்த ஊரில் நின்று கேட்ட கேள்வி. நம் சங்கம் அதைக் கற்றுக்கொள்ளுமானால், ஒரு சதம் வாங்காவிட்டாலும் லாபமே.

மூன்றாவதாகச் சொன்ன ஸ்தாபனத்துக்கும் நம் மலைநாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1973, 1974-ம் ஆண்டுகளை இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகச் சந்தையில் மா, சீனி, எண்ணெய் விலைகள் ஏறின, பங்கீடு குறைந்தது. கிராமத்தவனுக்கு ஒரு துண்டுக் காணி, ஒரு பலா, நாலு மரவள்ளித் தடி இருந்தன. நம்மவருக்கு லயத்து வாசலில் நாலடி நிலம். பேர் விழும் நாட்களும் குறைந்தன. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வைத்திருந்தமையால், நமக்காகப் பேச வேண்டிய கட்டாயம் எந்த அரசியல்வாதிக்கும் இருக்கவில்லை. தோட்டங்களில் பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. வீட்டுக்கு வீடு அந்தக் கதை உண்டு. நான் சொல்லத் தேவையில்லை.

அப்போது பிரித்தானியாவின் கிரனடா தொலைக்காட்சி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் நிலையைப் படம் பிடித்து 1973-ல் காட்டியது. வோர் ஒன் வோண்ட் 1974-ல் 'தேயிலையின் நிலை' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தோட்டங்கள் பல அன்று பிரித்தானியக் கம்பெனிகளின் கையில் இருந்தன. ஆகவே லண்டனில் தேநீர் அருந்துபவர், தம் கோப்பைக்குப் பின்னால் இருக்கும் லயத்தைத் தம் கம்பெனியின் லயமாகவே பார்க்க நேர்ந்தது. பத்திரிகைகள் எழுதின, கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. நாம் கூவி அழுதாலும் நமுனுகுல மலையைத் தாண்டாத குரல், அன்று கடலைத் தாண்டியது. இதைச் சிறிய உபகாரமென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் பின் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1975-ல் கம்பெனித் தோட்டங்கள் தேசியமயமாயின. அதற்கு நாட்டுக்குள்ளேயே வேறு பல காரணங்கள் இருந்தன. அறிக்கையால்தான் ஆயிற்று என்று கூறுவது மிகை. காணி கைமாறிய வேளையில் சில இடங்களில் நம்மவர் லயங்களிலிருந்தே விரட்டப்பட்டார்கள். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நம் துன்பத்தை உலகுக்கு எடுத்துரைக்க அந்நியர் இருந்தார்கள். காணி யாருக்கு என்று தீர்மானித்த மேசையில் நம்மவர் இல்லை. தம்பிமாருக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுவே. பிறர் நம்மைப் பற்றிப் பேசுவது வேறு, நாம் பேசுவது வேறு.

இன்றைக்கும் வெளியுதவி ஏன் தேவைப்படுகிறது என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்துக் கிராமத்துப் பாதையைப் பிரதேச சபை போடுகிறது. நம் லயத்துப் பாதைக்கு வெளிநாட்டுப் பெயர்ப்பலகை ஏன்? 1987-ம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட அது தடையாயிருந்தது. நாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபை நமக்கொரு பீலிக்கரை கட்டித் தர முடியாத நிலை! 2018-ல்தான் அது திருத்தப்பட்டது. அந்த முப்பது வருட இடைவெளியில் பல வேலைகளைத் தொண்டு ஸ்தாபனங்கள் செய்தன. தடை நீங்கிய பின்னும் சபைக்குப் போய்க் கேட்கும் பழக்கம் நம்மிடம் வரவில்லை. பிரதேச சபையிடம் கேட்க வேண்டியதைத் தருமஸ்தாபனத்திடம் கேட்பது, சொந்தக் கணக்கில் இருக்கும் பணத்தை விட்டுவிட்டுக் கடன் வாங்கப் போவது போலாகும்.

தேவை இல்லை என்பதற்கில்லை. 2019-ம் ஆண்டின் அரசாங்கப் புள்ளிவிவரப்படி, நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தார்கள், தோட்டத்துறையில் 33.8 பேர். 2016-ன் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாட்டில் நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. இது நம் பிள்ளைமடுவத்துக் கணக்கு. கொழுந்துக் கூடையின் நிறையை அரைக் கிலோவுக்குச் சண்டை பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளையின் நிறையை யார் பார்க்கிறார்கள்?

இனிப் பெரியவர்களின் ஐயம். உதவி என்று வருவார்கள், பிறகு மதத்தை மாற்றச் சொல்வார்கள் என்பது. அந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் மனத்துக்குள் வைத்துப் புழுங்குவதைவிட நேரே கேட்டுவிடலாம். செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய தொண்டு ஸ்தாபனங்களும் 1994-ல் பத்து விதிகள் கொண்ட ஒழுக்கக் கோவை ஒன்றை ஏற்படுத்தின. அனர்த்த நிவாரணத்துக்காக எழுதப்பட்டது. ஆயினும் எல்லாத் தொண்டுக்கும் பொருந்தும். உதவியை ஒரு மதத்தையோ அரசியலையோ வளர்ப்பதற்குப் பயன்படுத்தலாகாது என்கிறது அதன் மூன்றாம் விதி. பணம் கொடுத்தவருக்கு மட்டுமன்றி உதவி பெற்றவருக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது ஒன்பதாம் விதி. துன்புற்றவரைக் கதியற்ற பொருளாகக் காட்டாமல் மானமுள்ள மனிதராகக் காட்ட வேண்டும் என்கிறது பத்தாம் விதி. வருகிறவர்களிடம், இந்தக் கோவையில் கையொப்பம் இட்டிருக்கிறீர்களா, நம் தோட்டத்தில் அதை எப்படி நடத்துவீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அந்தப் பத்தாம் விதியைத் தம்பிமார் மனத்தில் வைக்க வேண்டும். மூக்கொழுகும் பிள்ளையை லயத்து வாசலில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பினால் பணம் விரைவில் வரும் என்பது மெய்தான். அந்தப் பிள்ளை நாளை பதுளையில் உத்தியோகம் பார்க்கும்போது அந்தப் படம் எங்கோ ஒரு நாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். தாயின் சம்மதமின்றி ஒரு படமும் எடுக்கலாகாது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரவுக்கு ஒன்று வகுத்தார். இரவச்சம் என்று இன்னொன்றும் வகுத்தார். கேட்பதற்கும் முறையுண்டு, கேட்க அஞ்சுவதற்கும் நியாயமுண்டு என்று அறிந்தவர் அவர்.

பணம் வரும் வழி எப்படி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு திட்டம் எழுத வேண்டும்: என்ன குறை, எத்தனை குடும்பம், என்ன செய்யப் போகிறோம், செலவென்ன, முடிவில் என்ன மாறியிருக்கும் என்று. சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வங்கிக் கணக்கும் இருவர் கையொப்பமும் வேண்டும். கட்டடம் எழுப்புவதாயின், நிலம் நம்முடையதன்று. தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அநுமதி வேண்டும். இதை மறந்துவிட்டுப் பணம் கிடைத்த பின் திண்டாடுவது வழக்கமாக நடக்கும் கூத்து. திட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். அப்பால் சம்பளம் யார் கொடுப்பது என்று முதல் நாளே கேட்காதவர் கடைசி நாளில் பூட்டிய கதவைப் பார்ப்பார்.

நம் நாட்டின் மிகப் பெரிய முயற்சியும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. 1958-ல் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்குப் போய்ச் சிரமதானம் செய்தார். மண்வெட்டியும் மனமும்தான் மூலதனம். அந்தச் சர்வோதயம் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது; பின்னர் வெளிநாட்டு உதவி பெருமளவில் வந்தது. உதவியாளர்கள் ஒன்றுகூடி நிபந்தனைகள் விதித்தபோது பிணக்கு மூண்டது. 1990-களில் உதவி சுருங்கியபோது இயக்கம் பெரிதும் தவித்தது. ஆயினும் அழிந்துவிடவில்லை. காரணம், அதன் வேர் பணத்தில் இருக்கவில்லை. உதவி கொடுக்கும் பக்கமும் குற்றமற்றதன்று. நான் முன்னர் புகழ்ந்த வோர் ஒன் வோண்ட், கணக்குகள் பிழையாக எழுதப்பட்டிருந்தமையால் 1990-ல் முறிந்துபோகும் நிலைக்கு வந்து, மறு ஆண்டில் மீண்டும் எழுந்தது. கணக்கு விஷயத்தில் வெள்ளைக்காரன், நம்மவன் என்ற பேதம் இல்லை!

கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடம் ஒன்றுமில்லை என்று பேசுவது தவறு. மரணாதார சங்கம் நம்மிடம் இருக்கிறது. சீட்டுப் பிடிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். திருவிழாவுக்குச் செக்ரோலில் பிடிக்கும் பணத்தைக் கணக்கப்பிள்ளை ஒரு சதம் விடாமல் வாசித்துக் காட்டும் வழக்கம் இருக்கிறது. மூன்றிலும் பழக்கப்பட்டவர்களையே இந்த வேலைக்கும் முன்னே விடுங்கள். இங்கிலீஷ் தெரிந்த தம்பி ஒருவனே எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிடும் ஏற்பாடு வேண்டாம். அவனுக்கு நல்ல வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனால் சங்கமும் அவனோடு பஸ் ஏறிவிடும். குழுவில் பாதிப்பேர் கொழுந்தெடுக்கும் பெண்களாயிருக்கட்டும். அறிக்கை எதுவாயினும் தமிழில் எழுதி, ஆலய மண்டபத்தில் உரக்க வாசித்த பிறகே அனுப்பப்படட்டும். நுண்கடன் என்று வந்தால் வேண்டவே வேண்டாம். வரட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட கடனை 2018-ல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்ததை மறக்கலாகாது.

எதைச் செய்வது என்று என் அபிப்பிராயம் கேட்டால், மண்சரிவைச் சொல்வேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அபாயம் இருப்பதாக 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது; போக்கிடம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் நம் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. அனர்த்தத்துக்குப் பின் லொறி லொறியாகச் சாமான் வரும். அதற்கு முன் எந்த லயத்தில் எத்தனை பேர், நடக்க முடியாத கிழவி யார், பிள்ளைத்தாய்ச்சி யார், இரவில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவது என்ற பட்டியல் யாரிடம் இருக்கிறது? அதை எழுதப் பத்துப் பேரும் ஒரு கொப்பியும் போதும். மழைமானியும் ஒலிபெருக்கியும் பயிற்சியும் வேண்டுமென்றால் அப்போது வெளி ஸ்தாபனத்தை அழைப்போம். கையில் பட்டியலோடு அழைப்பவனுக்கும் வெறுங்கையோடு அழைப்பவனுக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல.

தீர்மானத்தை இன்றே நிறைவேற்ற வேண்டியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு லயத்துக்கும் இருவராகப் போய் அந்தப் பட்டியலை எழுதி முடியுங்கள். வரப்போகும் ஸ்தாபனத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பெரியவர்கள் தங்கள் கேள்விகளையும் அதில் சேர்க்கலாம், தாளில் இடம் விட்டிருக்கிறேன்.