மெழுகில்தான் இருக்கிறது பாத்திக்

மலேசியாவில் அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்திக் உடுத்தி அலுவலகம் வருவது வழக்கம். அந்தச் சட்டைகளில் எத்தனை உண்மையில் பாத்திக்? பூவும் கொடியும் இருந்துவிட்டால் போதாது. துணியில் மெழுகு ஏறியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானு பட்டறைகளில் வெள்ளைத் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். சின்னச் செம்புக் கிண்ணமும் மெல்லிய மூக்கும் கொண்ட ‘சாந்திங்’ என்ற கருவியால், உருக்கிய மெழுகும் குங்கிலியமும் கலந்த குழம்பில் கோடு இழுக்கிறார்கள். சூடு குறைந்தால் மெழுகு இழைக்குள் இறங்காது, கூடினால் பரவிவிடும். கோடு வயல் வரப்பு மாதிரி: மயிரிழை விட்டுப்போனாலும் சிவப்புச் சாயம் பக்கத்து இலைக்குள் பாய்ந்துவிடும். பிறகு தூரிகையால் சாயம் ஏற்றி, ஈரம் காயுமுன் தண்ணீர் தொட்டு நிறத்தை வெளிறவைப்பார்கள். கடைசியில் கொதிநீரில் மெழுகு கழன்றுபோக, கோடு வெள்ளையாக மிஞ்சும்.

இது ஜாவாவிலிருந்து வந்த கைவேலைதானே, மலாய்க்காரர்கள் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் இந்தோனேசிய பாத்திக்தான். மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலோ, உலோக அச்சால் மெழுகு ஒற்றுவதே முன்பு பெருவழக்கு. கையால் வரைவது பரவலானது ஏறக்குறைய 1960களில். அதனால் பழமையைக் காட்டி வாதாட நான் வரவில்லை. ஜாவாவின் மரபு முறையில் நிறம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, துணியையே சாயத்தில் முக்கி எடுப்பார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் சாயத்தைத் தொட்டியிலிருந்து தூரிகைக்கு மாற்றினார்கள். பெரிய பூ, அகன்ற இலை, ஒரே இதழுக்குள் அடர்ந்து வெளிறும் நிறம் எல்லாம் அந்த மாற்றத்தால் வந்தவை. கடன் வாங்கிய கலை இப்படித்தான் சொந்தமாகிறது. பினாங்கில் சுவா தியான் தெங் என்ற சீன ஓவியர் 1950களில் இதே மெழுகு முறையில் ஓவியமே தீட்டினாரே!

மெழுகே படாத அச்சுத்துணி மலிவு, ஏழையும் உடுத்தலாம் என்பார்கள். நியாயம்தான், விற்கட்டும், அச்சுத்துணி என்று சொல்லி விற்கட்டும். துணியைத் திருப்பிப் பாருங்கள்: கைபாத்திக்கில் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே இருக்கும், அச்சில் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். எனக்குச் சங்கடம் தரும் ஆட்சேபம் வேறு. சாயமும், அதை நிலைக்கவைக்கும் சோடியம் சிலிகேட்டும், மெழுகும் கலந்த கழிவுநீர் சாக்கடையில் கலக்கிறது; கைவேலை என்பதற்காக அதை மன்னிக்க முடியாது. ஆனால் வீட்டுக் கொல்லையில் பட்டறை நடத்துபவரால் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட முடியாது. கைவினைக்கென்று அரசு ஒதுக்கும் பணம், விழாக்களுக்கு முன் அந்தத் தொட்டிகளுக்குப் போகட்டும்.