பஞ்ச காலத்தில் முளைத்த கல்விப் பணி: ஏ.எம்.ஏ. அஸீஸும் கல்முனைக் கரையும்

ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தையார் அபூபக்கர் காதியாராகவும் நகரசபை உறுப்பினராகவும் இருந்தவர். ஊரார் வழக்குகளும் குறைகளும் வாசலுக்கு வந்து தீரும் வீடு அது. பொதுப்பணி என்பது அஸீஸுக்குப் பிற்காலத்தில் யாரும் கற்பித்த பாடமன்று. குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய பின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். சைவச் சூழலில் வளர்ந்த அந்தப் பள்ளிகளே ஒரு முஸ்லிம் சிறுவனுக்குச் செந்தமிழைக் கையளித்தன. வாழ்நாள் முழுவதும் அவர் அதை நன்றியோடு போற்றினார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்று, கேம்பிரிட்ஜுக்குப் புலமைப்பரிசில் பெற்றுச் சென்றார். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே.

அவருடைய வாழ்க்கை திசை மாறிய இடம் கல்முனை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. உள்ளூரிலேயே நெல் விளைவித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டு, உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். அம்பாறை மாவட்டம் அன்று இல்லை; அது பிரிக்கப்பட்டது 1961இல்தான். மட்டக்களப்பின் தென்பகுதியாகக் கிடந்த இந்நிலத்தில், கடலோரத்து ஊர்களுக்கு மேற்கே இறக்காமம் வரையும் அதற்கப்பாலும் வயலும் குளமும் காடுமே பரந்திருந்தன. காடு வெட்டி அரச காணியில் நெல் விதைக்க விவசாயிகளுக்கு வழி செய்வதே அவருக்கிட்ட கடமை. அந்தக் கடமை அவரைக் கச்சேரி நாற்காலியிலிருந்து எழுப்பி வட்டைக்கும் வரம்புக்கும் கொண்டுபோனது.

வரம்பில் நின்றபோதுதான் நெல்லுக்கு அப்பாலுள்ள பஞ்சமும் அவர் கண்ணில் பட்டது. ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை அடுத்துப் போனது பெரும்பாலும் வயலுக்கே. அரச உத்தியோகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வாசலாக இருந்தது ஆங்கிலக் கல்வி. அதற்குச் சம்பளம் கட்ட வேண்டும். போடியார் வீட்டுப் பிள்ளைக்கே அரிதான அந்த வாய்ப்பு கூலிக்காரன் பிள்ளைக்கு எட்டவில்லை. நாடு பசியாற நெல் கொடுத்த சமூகம் தன் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க முடியாமல் நின்றது. அந்நிலை மாற, 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். தங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஊரே பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அக்காலத்தில் அவருக்குத் துணையாயிற்று.

இடமாற்றம் பெற்றுக் கண்டிக்கும் பின்னர் கொழும்புக்கும் சென்றபோதும் கல்முனையில் கண்ட வழியை அவர் விடவில்லை. 1945இல் பிறந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, இக்கரையில் தொடங்கியதன் நாடளாவிய வடிவமே. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். சம்பளம் ஒழிந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. சம்மாந்துறையிலிருந்தோ இறக்காமத்திலிருந்தோ கொழும்புக்குப் போகும் மாணவனுக்கு விடுதியும் புத்தகமும் சாப்பாடும் இலவசமாகவில்லை. தூரத்து ஊர்ப் பிள்ளையைப் படிப்பிலிருந்து பிடித்திழுத்தவை அவையே. நிதி தாங்கியதும் அந்தச் சுமையைத்தான். முஸ்லிம் வாலிபர் சங்கங்களை நாடெங்கும் ஒன்றிணைத்த பேரவை 1950இல் அவர் முயற்சியால் எழுந்தது.

1948இல் சிவில் சேவையைத் துறந்து, ரி.பி. ஜாயா வகித்த கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர் பொறுப்பை ஏற்றார். அதிகாரமும் ஓய்வூதியமும் உள்ள பதவியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவது அன்று எவரும் எளிதில் செய்யாத காரியம். 1961 வரை அவர் தலைமையில் ஸாஹிறா தமிழுக்கும் இஸ்லாமியப் பண்பாட்டுக்கும் உரிய மையமாயிற்று. பேராசிரியர் கா. சிவத்தம்பி அங்கே பயின்றவர். 1952 முதல் செனற் சபையில் அமர்ந்த அஸீஸ், 1956இல் தனிச்சிங்கள மசோதாவை எதிர்த்தார்.

எழுத்திலும் அவர் உழைப்பு பெரிது. ‘இலங்கையில் இஸ்லாம்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. ‘மிஸ்ரின் வசியம்’, ‘கிழக்காபிரிக்கக் காட்சிகள்’ ஆகியவை பயண நூல்கள். அரசியலில் கருத்து வேறுபட்டவர்களும் மதித்த தமிழ் அவருடையது. 1973 நவம்பர் 24இல் அவர் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1986இல் அவர் நினைவு முத்திரை வெளிவந்தது. அவர் பெயரால் அமைந்த மன்றம் நினைவுப் பேருரைகளை நடத்தி வருகிறது. அவர் நெல் விதைக்க வந்த இக்கரையில், ஒலுவிலில், 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டு, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்காக முன்னின்று உழைத்தவர் சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரஃப்.