"பூனைதானே" என்று சொல்லாதீர்கள்


அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம் வீடுகள் பலவற்றில் பூனை உண்டு. அது நம்மிடம் உள்ள அமானிதம். வாந்தி எடுத்து, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குட்டிகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா நோய்க்கு 8 வார வயதிலேயே தடுப்பூசி போடலாம்.

அதையும் மீறி இறந்துவிட்டால், அழும் பிள்ளையை அதட்டாதீர்கள். சிறுவர் அபூ உமைரின் செல்லக் குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். நாமும் பிள்ளையிடம் பூனையைப் பற்றிப் பேசுவோம். துணியில் சுற்றி, ஆழமாகக் குழி தோண்டி, பிள்ளையோடு சேர்ந்தே புதைப்போம்.

உயிர்களிடம் இரக்கமுள்ளவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.