உடல் இளைத்தலும் உரம் பெறுதலும்



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு, ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வருவது ஒரு சடங்கைப் போன்றது. வாயிற்படியில் கால் வைத்ததும் அத்தையோ பெரியம்மாவோ நம்மை ஏற இறங்கப் பார்த்து, "நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாயே!" என்று மகிழ்கிறார்கள். பஞ்சத்தைக் கண்ட தலைமுறைக்கு உடற்பூரிப்பு நல்வாழ்வின் அடையாளம். ஆனால் டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து உழைக்கும் நம் உடலில் சேர்வது பூரிப்பன்று, கொழுப்பு. அதுவும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது.

இதை அழகுக்குறை என்று மட்டும் கருதிவிடலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்று, 2023-ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகவும் அது கூறிற்று.

எடை மட்டும் இதனைக் காட்டிக் கொடுக்காது. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தம்மிருவரையுமே சான்றாக வைத்தனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் லண்டன்காரர் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, புனேக்காரர் உடலில் 21.2 பங்கு. ஆகவே நமக்கு எடைப்பொறியைவிடத் தையற்காரரின் நாடாவே நம்பத்தக்க துணை. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டுமாயின் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

இனி, எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள், கணவனும் மனைவியுமாக, உடலை இளைக்கச் செய்வதென்று தீர்மானித்தோம். இரவு உணவை அடியோடு நிறுத்தினோம். காலையில் இரண்டு இட்டிலியோடு எழுந்துவிட்டோம். நான்கே மாதங்களில் ஆளுக்கு எட்டுக் கிலோ குறைந்தது. அண்டை வீட்டார் வியந்தார்கள். அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டு, புதுடில்லி நிலையத்தில் மேம்பாலப் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் கைகள் நடுங்கின, முழங்கால்கள் துவண்டன. முந்திய ஆண்டு சுமந்த அதே பெட்டிதான். ஊர் போய்த் திரும்பிய ஓராண்டுக்குள் எடை முழுவதும் மீண்டது. இழந்த வலிமையோ எளிதில் மீளவில்லை.

இதன் காரணம் எளிது. உணவைக் கடுமையாகக் குறைத்தால் உடல் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. ஆனால் கொழுப்பை மட்டும் செலவிடுவதில்லை. பட்டினியால் மட்டும் இளைப்பவர் இழக்கும் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தசை முதலியனவாக இருக்கக்கூடும். நடுவயதுக்குப் பின் தசை தானாகவே மெல்லக் குறைந்து வருவது. அதனை நாமும் சேர்ந்து கரைத்தால், முதுமைக்கென்று வைத்த முதலை இப்போதே செலவழித்தவர்களாவோம். ஆகவே உணவு, நடை, பளு என்னும் மூன்றும் ஒருங்கே வேண்டும்.

முதலில் உணவு. கொழுப்பு குறைவதில் பெரும்பங்கு இதற்கே உரியது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. நடுத்தர எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் நடந்து செலவிடுவதும் ஏறத்தாழ அவ்வளவே. நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு சிறுகரண்டிச் சர்க்கரை என்று கொண்டால், சர்க்கரையால் மட்டும் 160 கலோரி சேர்கிறது. நாள்தோறும் உண்பதில் 500 கலோரி அளவுக்குக் குறைத்தால் போதும். கணக்குப்படி பதினைந்து நாளைக்கு ஒரு கிலோ குறையும். போகப்போக வேகம் தணியும். அதைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை.

வடக்கே வந்த நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு: இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்தி உண்டால் உடல் இளைக்கும் என்பது. நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் கோதுமை மாவும் ஏறக்குறைய 350 கலோரியே தருகின்றன. கோதுமையில் நார்ச்சத்து மிகுதி என்பது மெய். ஆயினும் எண்ணெய் தடவிய நான்கு சப்பாத்தியை உண்டு, 'மனம் கேட்கவில்லை' என்று கொஞ்சம் தயிர்ச்சோறும் உண்டால் என்ன பயன்? தானியம் எதுவாயினும் ஒன்றாக இருக்கட்டும். தட்டில் பாதியைக் காய்கறி நிரப்பட்டும்.

குறைக்கக் கூடாதது புரதம். நம் நாட்டுப் பரிந்துரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம். இளைக்க முயல்வோர் 1.2 கிராம் வரை கொள்வது தசையைக் காக்கும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 72 கிராம். முப்பது கிராம் துவரம்பருப்பில் ஆறேழு கிராம் புரதமே உண்டு. ரசத்தின் தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டு 'பருப்பு உண்டோம்' என்பது நம் வழக்கமான ஏமாற்றம். குடியேறிய மண் இங்கே கை கொடுக்கிறது. பஞ்சாபியரின் ராஜ்மாவும் பனீரும், பீகாரியரின் வறுத்த கடலை மாவாகிய சத்துவும், வங்காளியரின் மீனும் நம் அடுக்களைக்கு அந்நியமாக இருக்க வேண்டுவதில்லை.

அடுத்தது நடை. லண்டனில் ஜெரெமி மாரிஸ் என்ற மருத்துவரும் உடன் ஆய்ந்தோரும் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் தம் முடிவை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற வேகத்தில் நடந்தால் சரி. டில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்திலும் மும்பையின் அடைமழையிலும் வீதியை விட்டு, குடியிருப்பின் மாடிப்படிகளையோ நடைகூடத்தையோ நாடலாம்.

மூன்றாவது பளு. நம்மவர்கள் தயங்குவது இங்கேதான். 'அது பயில்வான்களுக்கு அல்லவா?' என்கிறார்கள். ஊரில் நம் பாட்டிமார் கிணற்றில் நீர் இறைத்ததும் உலக்கை பிடித்ததும் பளுப் பயிற்சியன்றி வேறென்ன? நம் ஊர்த் தண்டாலும் பஸ்கியும் இங்கே தண்டு, பைட்டக் என்று வழங்குகின்றன. நம் கர்லாக்கட்டைக்கு உறவான முக்தரை இங்குள்ள அகாடாக்களில் இன்றும் காணலாம். பயிற்சிக்கூடம் செல்ல இயலாதவர், நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமரலாம். சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுக்கலாம். இரண்டு துணிப்பைகளில் இரண்டிரண்டு கிலோ பருப்பைக் கட்டித் தூக்கி இறக்கலாம். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்க. மூச்சை அடக்கலாகாது. பன்னிரண்டு எளிதானால் பளுவைச் சிறிது கூட்டுக. கூட்டாவிடில் தசைக்கு வளர வேலையில்லை. வாரத்தில் இரண்டு நாள் போதும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு உரத்தைக் காக்கவும் இது உதவுவதால், அவர்கள் ஒதுங்கி நிற்பது தகாது.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவு திடீரெனத் தாழக்கூடும். இதயநோயோ சிறுநீரக நோயோ உடையவர்களும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும்.

எங்கள் இரண்டாம் முயற்சி ஓராண்டு நடந்தது. இம்முறை எடை நான்கு கிலோவே குறைந்தது. அண்டை வீட்டார் ஒருவரும் வியக்கவில்லை. ஆனால் இடுப்பு நாடா ஒவ்வொரு மாதமும் சிறிது உட்புறம் நகர்ந்தது. சென்ற கோடையில் அதே மேம்பாலத்தில் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடையில் நில்லாமல் ஏறினோம். ஊரில் அத்தை, "இளைத்துவிட்டீர்களே!" என்று வருந்தினார். பரண்மேலிருந்த பித்தளை அண்டாவை இறக்கித் தரும்படி அவரே கேட்டபோது, இறக்கித் தந்தோம். அதன்பின் அவர் வருந்தவில்லை.