நடமாடும் கோயில்



கோயிலுக்கு ஈந்த பொருள் அடியாரைச் சென்றடையாது போகலாம்; நடமாடும் கோயிலாகிய அடியார்க்கு ஈந்ததோ இறைவனையே சென்றடையும் என்பது திருமூலர் திருவுள்ளம். குடமுழுக்கு நன்னாளில் சிந்திக்கத்தக்க அருளுரை இது.

1867ஆம் ஆண்டில் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தோரிடம் ஆங்கே சாதியும் சமயமும் வினவுவாரில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலிலும் செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்கின்றனர்.

திண்டிவனத்தில் ஓரிரவில் மகப்பேற்றுத் துன்பத்தால் மூன்று இளம்பெண்கள் உயிர் நீத்தனர். ஆண் மருத்துவர் தீண்டுதலை அவர்தம் இல்லத்தார் ஏற்கவில்லை. அவற்றுள் அந்தணர் இல்லமும் உண்டு. இசுலாமியர் இல்லமும் உண்டு. அதுகண்டு உளம் நொந்த கிறித்துவ நங்கை ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் பயின்று மீண்டு, 1900ஆம் ஆண்டில் வேலூரில் பெண்டிர்க்கு மருத்துவப் பணி தொடங்கினார். பிணியுற்றோரின் சமயத்தை அவர் நோக்கவில்லை, பிணியையே நோக்கினார்.

வழிபடும் திருப்பெயர்கள் பல. துடைக்க வேண்டிய கண்ணீர் ஒன்றே. கலசத்திற்குப் பொன் ஈந்த கைகள், மடைப்பள்ளிக்கும் ஒரு பிடி அரிசி ஈவனவாக. வாயிலில் பசித்தவன் நிற்க, உள்ளே நிகழும் வழிபாடு நிறைவு பெறுவதில்லை.

திருவருள் துணை நிற்க!