அம்புக்கு ஓர் இடம் வேண்டும்

(தோட்டத்து மாதாந்தக் கூட்டத்தில், கனமூலையில், நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. பேச்சை அதிகம் திருத்தாமல் தருகிறோம்.)

வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, தம்பி தங்கச்சிமாரே,

போன மாதம் டெங்கு நுளம்பைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு வில்லு அம்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரிக்கிறது இங்கே கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளிலிருந்து வீடுகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். கமுகஞ் சிலாகையை வளைத்து நைலோன் நூல் கட்டினால் வில்லு. ஈர்க்கிலைச் சீவினால் அம்பு. கொஞ்சம் பெரிய பையன் என்றால் உடைந்த குடையின் கம்பியை எடுத்து கல்லில் தீட்டி வைத்திருக்கிறான். எதற்குக் குறி பார்க்கிறான்? அணிலுக்கு, ஓணானுக்கு, பக்கத்து வீட்டுக் கோழிக்கு. ஒன்றும் கிடைக்காவிட்டால் இளந்தென்னைக்கு. அதுவும் அலுத்துப் போனால் கூட விளையாடுகிறவனுக்கு.

ஈர்க்கில்தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கக் கூடாது. இந்தியாவில் தசராக் காலத்தில், ராமாயணக் கூத்தும் ரீவி நாடகமும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வில்லு விளையாடிக் கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவதைக் கண் டாக்டர்மார் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஈர்க்கில் குத்தின காயம் வெளியில் ஒரு சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும். உள்ளே வில்லை கலங்கிவிடும், கிருமி போய்விடும், பார்வையே போகலாம். அப்படி ஏதும் நடந்தால் கண்ணைக் கசக்க விடாதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். தாய்ப்பால், எண்ணெய், பச்சிலை ஒன்றும் விடாதீர்கள். கண்ணை அழுத்தாமல் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கவிழ்த்து மூடிக் கட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

தென்னைக்கும் இதில் நட்டம் உண்டு. இளமரத்தில் ஆணி முனை அம்பு ஏறின இடத்தில் சாறு வடியும். அந்த வாசத்துக்குச் செவ்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளே தின்று முடித்து, குருத்து சாய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். மரத்தில் காயம் படாமல் பாருங்கள் என்று லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் சொல்வது இதற்காகத்தான். வளர்ந்து காய்க்க வேண்டிய மரம் ஒரு விளையாட்டால் போய்விடும்.

அப்படியென்றால் வில்லை எல்லாம் முறித்து அடுப்பில் போடுவோம் என்று ஒரு உம்மா சொன்னார். போடலாம். நாளைக்கு வேறு கமுகஞ் சிலாகை கிடைக்கும். என் எண்ணம் வேறு. பிள்ளை வில்லை எடுக்கிறான் என்றால் அந்த அம்பு போய் நிற்க ஓர் இடத்தை நாங்கள் செய்து கொடுக்க வேண்டும்.

இது புதுக் கதையும் இல்லை. மகாபாரதத்தில் துரோணர் மரத்தில் வைத்தாரே ஒரு குருவி, அது உயிருள்ள குருவி இல்லை, செய்து வைத்த குருவி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்து பழகுவதை ஊக்கப்படுத்தினார்கள் என்று ஹதீஸ்களில் இருக்கிறது. அதே ஹதீஸ்களில்தான் உயிருள்ள எதையும் இலக்காக வைக்கக் கூடாது என்றும், சந்தையிலும் பள்ளிவாசலிலும் அம்போடு நடந்தால் யாருக்கும் பட்டுவிடாமல் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தியாவில் ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரி, தகப்பன் ஓட்டோ ஓட்டினவர். சின்ன வயதில் கல்லால் மாங்காய்க்குக் குறி பார்த்து அடித்தவர், வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகினவர். 2010 இல் டெல்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தங்கம் எடுத்தார். பிறகு நான்கு ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போனார். எங்கள் பிள்ளைகளும் ஒலிம்பிக் போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. மூங்கில் வில்லில் தொடங்குவது வெட்கமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, இலக்கை எப்படிச் செய்வது? மேகாலயாவில் காசி மக்கள் வைக்கோலை உருண்டையாக இறுக்கிக் கட்டி நட்டுவைத்து, அதில் எத்தனை அம்பு ஏறி நிற்கிறது என்று எண்ணுவார்கள். ஷில்லோங்கில் அதை வைத்துச் சட்டப்படி பந்தயமும் நடக்கிறது. பந்தயத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், கட்டுகிற முறையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு வைக்கோல் குறைவு. ஆனால் சாக்கு இருக்கிறது. (2021 இல் இரசாயன உரத்தைத் தடுத்த மாதங்களில் யூரியாச் சாக்கைக் காண்பதே அரிது. இப்போது கிடைக்கிறது.)

50 கிலோச் சாக்கு இரண்டு எடுங்கள். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்றைப் போடுங்கள். றால் பண்ணையில் தீன் வருகிற பையும் நல்லது. கிருமிநாசினி வந்த பை எதுவும் வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். உள்ளே அடைக்க, கிழிந்த சாரம், சீத்தை, பெட்சீட், கடையில் தருகிற சொப்பிங் பை, பிய்ந்த மீன்வலை. உடுப்பில் பொத்தான், சிப், ஊக்கு எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். வலையில் ஈயக் குண்டு ஒன்றும் இருக்கக் கூடாது. அம்பு அதில் பட்டால் தெறிக்கும், முனையும் போய்விடும். நடுவில் பிளாஸ்டிக் பைகள், சுற்றிவரத் துணி. ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தரம் ஏறி நின்று மிதியுங்கள். இந்த மிதிப்பில்தான் முழு வேலையும் இருக்கிறது. தளர்ந்த மூட்டை அம்பை அப்படியே பின்னால் விட்டுவிடும். நிறைந்த பிறகு பெருவிரலால் அழுத்தினால் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. வாயைச் சாக்கு ஊசியால் தைத்துவிடுங்கள்.

அதைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். இரண்டு கம்பு நட்டு, குறுக்கே ஒரு கம்பு போட்டுத் தொங்கவிடுங்கள். அம்பு பட்டதும் மூட்டை கொஞ்சம் பின்னால் ஆடும், அந்த ஆட்டத்தில் அம்பின் வேகம் செத்துவிடும். கீழ்ப்பக்கத்தை மட்டும் லேசாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஊஞ்சலாகிவிடும்.

இரண்டாவது வகை காட்போட் பெட்டி. கடைக்காரரிடம் கேட்டால் தருவார். ஒரு அடி அகலம், இரண்டடி நீளத் துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடி உயரம் அடுக்குங்கள். மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. தும்புக் கயிற்றால் இரண்டு இடத்தில் சுற்றி, கயிற்றுக்குள் ஒரு தடியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். எய்கிறவருக்கு நேராகத் துண்டுகளின் ஓரம் இருக்க வேண்டும். பிள்ளையின் கொப்பிகளை அடுக்கி ஓரத்தில் ஒரு ஈர்க்கிலைச் செருகிப் பாருங்கள். தாள்கள் விலகி இடம்விட்டு, பிறகு இறுக்கிப் பிடிக்கும். அதே வேலைதான் இங்கேயும். முகத்தைக் காட்டி வைத்தால் ஓட்டைதான் விழும், ஒரு கிழமைக்கும் தாங்காது. நடுத்துண்டுகள் தேய்ந்ததும் கயிற்றைத் தளர்த்தி, மேல் துண்டுகளை நடுவுக்கு மாற்றி, திரும்ப இறுக்கலாம். மழைக்கு ஆகாது என்பதுதான் இதில் குறை. மேலே இரண்டு கிடுகு போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே எடுத்து வையுங்கள்.

டயரை இலக்காக வைக்கவே வேண்டாம். அம்பு திரும்பி எய்தவன் மேலேயே வரும். மண் நிரப்பின சாக்கும் பலகையும் அம்பை உடைக்கும். தும்புத்தூள் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும், அது தென்னை அடிக்குத்தான் நல்லது. ரெஜிபோம் நாலு நாளில் பொடியாகிக் காற்றில் பறக்கும், கோழி கொத்தித் தின்னும்.

முகத்துக்கு சீமெந்துப் பைத் தாள் போதும். ஆணியில் நூல் கட்டி 8, 16, 24 சென்ரிமீற்றரில் மூன்று வட்டம் போடுங்கள். நடு மஞ்சள், அடுத்தது சிவப்பு, அதற்கு வெளியே நீலம். இடம் இருந்தால் 32 இல் கறுப்பு, 40 இல் வெள்ளை. சர்வதேசப் போட்டியிலும் நிறங்கள் இந்த ஒழுங்கில்தான். கோதுமை மாப் பசையால் சாக்கில் ஒட்டுங்கள். மஞ்சளுக்கு 9, பிறகு 7, 5, 3, 1 என்று புள்ளி. கூட்டல் கணக்கு வராத பிள்ளைக்கும் இதில் வரும்.

இனித் தூரம். எங்கள் தோட்டத்தில் மரத்துக்கு மரம் 26 அடி. இரண்டு மர இடைவெளி கிட்டத்தட்ட 16 மீற்றர். உலகப் போட்டியில் உள்ளரங்கத் தூரமே 18 மீற்றர்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அரை இடைவெளி தாராளம். மரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கச் சொன்னேனே தவிர, மரத்துக்குக் கீழே நின்று எய்யச் சொல்லவில்லை. தேங்காய் விழும். மைதானத்தின் கடைசியில், மண்திட்டு இருக்கிற பக்கம்தான் சரியான இடம். பின்னால் வழியும் இல்லை, வீடும் இல்லை.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே கூர் முனை கிடையாது. பழைய பாட்டாச் செருப்பில் சின்ன உருண்டை வெட்டி முனையில் கட்டிவிடுங்கள். அது மூட்டையில் ஏறாது, பட்டு விழும், பட்ட நிறத்துக்குப் புள்ளி. பெரியவர் ஒருவர் விசிலோடு நிற்க வேண்டும். எல்லோரும் கயிற்றுக் கோட்டுக்குப் பின்னால் நின்று எய்து, விசில் அடித்த பிறகு எல்லோரும் ஒன்றாகப் போய் எடுக்க வேண்டும். அம்பைப் பிடுங்குகிறவருக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, வால்முனை கண்ணுக்கு நேரே வரும். கடையில் வாங்கின பெரிய வில்லுக்கு இந்த மூட்டை காணாது. அதற்குப் பயிற்சியாளரும் முறையான இலக்கும் வேண்டும்.

பொம்பிளைப் பிள்ளைகளும் வரலாமா என்று ஒரு தாய் கேட்டார். தீபிகா குமாரி யார்? தாராளமாக வரட்டும். நடக்க முடியாத பிள்ளையையும் நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டுவாருங்கள். பிறப்பிலேயே இரண்டு கையும் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து, தோளால் இழுத்து எய்கிறார். 2024 இல் பரிஸ் பரா ஒலிம்பிக்கில் கலப்புக் குழுவில் வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு 17 வயது.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்தில் மூன்று மூட்டை கட்டப் போகிறோம். வீட்டுக்கு ஒரு சாக்கு, ஒரு பிடி பழந்துணி கொண்டுவந்தால் போதும். சாக்கு ஊசி இருக்கிறவர்கள் அதையும் எடுத்துவாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் வைத்திருக்கிற குடைக்கம்பி அம்பு எல்லாவற்றையும் அன்றைக்கு என்னிடம் தரட்டும். ஒரு கம்பிக்கு ஒரு செருப்பு முனை அம்பு மாற்றித் தருகிறேன்.